உயரமான பைன் மரமும் ஓர் ஊசியிலையும்

மலைச்சரிவில் மூன்று பைன் மரங்கள் நின்றன. உயரமானதும் அதை ஒட்டி நின்றதும் தங்களை அண்ணன் தம்பி என்றே நம்பின. சற்றுத் தள்ளி நின்ற கோணல் மரத்தை இரண்டும் சேர்த்துக்கொள்வதில்லை.

ஒருநாள் தாவர ஆய்வாளர் செண்பகவல்லி வனக்காவலரோடு வந்தார். "வெளியிலேர்ந்து வந்த இனத்தை மட்டும் வெட்டினா போதுங்க" என்றபடி மூன்று மரங்களிலும் இலை பறித்தார்.

"கோணலுக்குக் காலம் முடிஞ்சுது" என்று சிரித்தது அண்ணன்.

செண்பகவல்லி ஊசியிலைகளைக் குறுக்காக மெல்லச் சீவி, மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார்.

"இந்த ரெண்டுலயும் இலைக்குள்ள பிசின் ஓடுற குழாய் தோலை ஒட்டி இருக்கு. உயரமானதுல மட்டும் உள்ளே தள்ளி இருக்கு. அதுதாங்க வேற இனம்."

 வனக்காவலர் அண்ணன்மேல் சிவப்புப் பெயின்ட்டால் பெருக்கல் குறி போட்டார்.

"தம்பி, கேட்டியா? நான் வேறயாம்! நீயாவது சொல்லுடா!"

தம்பி அண்ணன்மேல் சாய்ந்திருந்த தன் கிளையை மெதுவாக விலக்கிக்கொண்டது.



"அண்ணே," என்றது கோணல் மரம், "அவங்க வெட்ட வர்றவரைக்கும் என்கூடப் பேசிக்கிட்டிருங்க."