பள்ளிதானே கட்டுறோம்

“அவருக்கு விளங்கல்ல. நாங்களாப் போய் விளங்கப்படுத்தவும் தேவல்ல,” என்றார் பள்ளிவாசல் தலைவர் ஷிஹாப் ஹாஜியார்.

அது நிர்வாகக் கூட்டம். பழைய ஆட்களையெல்லாம் கழற்றிவிட்டு ஹாஜியார் அமைத்த நிர்வாகம், எல்லாம் இளவட்டம். ஹாஜியாரே நாற்பதை இப்போதுதான் தாண்டியவர். மலைநாட்டுத் தலைநகரான கண்டியிலேயே பெரிய பள்ளிவாசலாக, கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் நின்று பார்த்தாலே தெரிகிற மாதிரிக் கட்ட வேண்டும் என்பது அவருடைய ஆசை.

ஆசைக்கு இடம் போதவில்லை. பழைய சின்னப் பள்ளியை ஒட்டி, புல் மண்டிக் கிடந்த காணி நடராஜா ஐயாவுடையது. ஒரு காலத்தில் கண்டியில் புடவைக் கடை வைத்திருந்தவர், இப்போது திருச்சியில் மகளோடு இருக்கிறார்.

ஹாஜியார் போன் போட்டார். “ஐயா, உங்கட காணியில பள்ளி ஒண்டு கட்ட நெனச்சீக்கிறோம். விலைக்குத் தந்தாச் சரி.”

“பள்ளி கட்டவா விலை? சும்மாவே எடுத்துக்கங்க தம்பி. பிள்ளைங்க நல்லா இருக்கட்டும்,” என்று ஐயா போனை வைத்துவிட்டார்.

அந்தச் சந்தோஷம் மாலை வரைதான் நின்றது. சரக்கெடுக்க அடிக்கடி இந்தியா போய்வருகிற செயலாளர் ரிஸ்மி குட்டையைக் குழப்பினார். இங்கே பள்ளி என்றால் பள்ளிவாசல், அங்கே பள்ளிக்கூடமாம். பிள்ளைகள் நல்லா இருக்கட்டும் என்று ஐயா சொன்னதைக் கவனித்தீர்களா என்றார்.

“வேற என்ன? ஒரு இந்து மனிசன் பள்ளிவாசலுக்குச் சும்மா காணி குடுப்பாரா?” என்றும் கேட்டார்.

எல்லோருக்கும் அது நியாயமாகவே பட்டது. மௌலவி ஹஸ்ரத் மட்டும், உள்ளதைச் சொல்லிவிட்டால் என்ன என்று கேட்டார். நீங்கள் தொழுகையைப் பாருங்கள், கட்டிடத்தை நாங்கள் பார்க்கிறோம் என்று அவரை மரியாதையாக உட்கார வைத்தார்கள்.

“நாங்க பொய் சொல்லல்லயே ஹஸ்ரத். பள்ளிதானே கட்டுறோம்,” என்றார் ஹாஜியார்.

சுவர் எழும்பியது, மினாரா எழும்பியது, குவிமாடமும் மேலே ஏறி உட்கார்ந்தது. காணி உறுதிப் பத்திரம் மட்டும் இன்னும் ஐயாவின் பெயரில்தான் இருந்தது. மனிதர் மனம் மாறினால் இத்தனையும் அடுத்தவர் மண்ணில் நிற்கும். அந்த நினைப்பில் ஹாஜியாருக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த நேரம் பார்த்து ஐயாவிடமிருந்து போன். கண்டிக்கு வருகிறாராம். கட்டிடத்தையும் பார்த்துவிட்டு, உறுதியிலும் கையெழுத்துப் போட்டுத் தருகிறாராம்.

ஊருக்கே தெரிய வேண்டும் என்று கட்டிய பள்ளியை ஒரே ஒரு மனிதருக்குத் தெரியாமல் மறைக்கும் வேலை ஆரம்பமானது. குவிமாடத்துக்கு நீலப் படங்கு போர்த்தினார்கள். கேட்டால் பெயின்ட் வேலை நடக்கிறது என்று சொல்லலாம். ஹாஜியாரின் கடைச் சுவரிலிருந்த மணிக்கூடு மினாராவில் ஏறி, அதை மணிக்கூட்டுக் கோபுரமாக்கியது. அவ்வளவு உயரத்தில் அது சட்டைப் பொத்தான் மாதிரித்தான் தெரிந்தது. தொழுகை விரிப்பைச் சுருட்டிவிட்டு மேசையும் பிள்ளைகள் உட்கார வாங்கும் போட்டார்கள். இமாம் நிற்கும் மாடத்தை ஓர் அலுமாரி மறைத்தது. கரும்பலகையில் ரிஸ்மி தன் கையாலேயே ‘நல்வரவு’ என்று எழுதினார்.

ஐயா வந்தார். வாசலில் குனிந்து செருப்பைக் கழற்றப் போனார்.

“பரவால்ல ஐயா, செருப்போடயே வாங்க,” என்றார் பள்ளிவாசல் தலைவர்.

பின்னால் நின்ற ஹஸ்ரத் கண்ணை மூடிக்கொண்டார்.

ஐயா நிமிர்ந்து ஹாஜியாரை ஒருமுறை பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, வெறுங்காலோடு உள்ளே போனார். கரும்பலகையைப் பார்த்தார், அலுமாரியைப் பார்த்தார். எத்தனை வகுப்பு நடக்கும் என்று விசாரித்தார். பத்து என்று ஹாஜியாரும் ஐந்து என்று ரிஸ்மியும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

ஐயா சிரிக்கவில்லை. வாங்கில் உட்கார்ந்து, உறுதி எழுதிக் கொண்டுவந்திருந்த நொத்தாரிசு நீட்டிய பத்திரத்தை நிதானமாக வாசித்து, காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டார். ஹாஜியாருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

“பெரிய மனசு ஐயா. இங்க படிக்கப்போற பிள்ளைகள் உங்கள மறக்க மாட்டாங்க.”

ஐயா எழுந்து ஜன்னல் பக்கம் போனார். பின்னால் இருந்த பழைய சின்னப் பள்ளியையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

“அப்ப நீங்க பிறந்திருக்க மாட்டீங்க தம்பி. எண்பத்து மூணு கலவரத்துல இந்தக் காணியில இருந்த எங்க வீடு எரிஞ்சப்போ, உங்க வாப்பா எங்க குடும்பத்தையே கூட்டிட்டுப் போய் ஒளிச்சு வச்சாரே, அது என்ன பள்ளிக்கூடத்துலயா?”