ஐம்பத்தைந்து சதவீதம்

"வெக்கமா இல்லையாம்மா உங்களுக்கு?"

கணக்குத் துறைத் தலைவர் மேஜையைத் தட்டிய தட்டில் தண்ணீர் பாட்டில் உருண்டு கீழே விழுந்தது.

திரையில் அவர் போட்டுக் காட்டிய படத்தில் நாலு கட்டங்கள். ஏ பிரிவு நூறு சதவீதத் தேர்ச்சி. அது தலைவர் நடத்திய வகுப்பு. பி தொண்ணூற்றாறு. சி தொண்ணூற்று நாலு. கடைசியில் டி பிரிவு, ஐம்பத்தைந்து. அதற்கு மட்டும் சிவப்பு.

டி பிரிவுக்குப் புள்ளியியல் நடத்தியவள் தற்காலிக விரிவுரையாளர். அவளுக்கு அடுத்த வருஷம் வேலை உண்டா இல்லையா என்பதை, போன மாதம் கல்லூரிக்கு வந்த புது முதல்வர் இந்த அறிக்கையைப் பார்த்துத்தான் முடிவு செய்வார். நாலு மணிக்கு அனுப்ப வேண்டும். மணி மூன்றரை.

"இவங்களால துறை மானமே போச்சு சார்" என்றார் பி பிரிவுக்காரர்.

"பாடம் நடத்தினாங்களா, தாலாட்டுப் பாடினாங்களா?" சி பிரிவு அம்மாள் சிரித்தாள்.

அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவள் விருட்டென்று எழுந்தாள்.

"சதவீதம் மட்டும் போட்டா எப்படி சார்? ஆள் கணக்கையும் போடுங்க."

"அதெல்லாம் எதுக்கு? பாக்கறவங்க குழம்பிடுவாங்க."

"குழம்ப மாட்டாங்க. புரியற மாதிரி நானே எழுதறேன்."

பலகைக்குப் போனாள். எழுத்து ஒவ்வொன்றும் தெளிவாக விழுந்தது.

'மாதிரித் தேர்வில் தோற்றதால் ஏ, பி, சி பிரிவுகளில் பரீட்சை எழுத விடாமல் நிறுத்தப்பட்டவர்கள் 31 பேர். டி பிரிவு என்பது அவர்கள்தான். அதில் தேறியவர்கள் 17 பேர்.'

"உங்க நூறு சதவீதம் கெட்டுடக் கூடாதுன்னு முப்பத்தோரு பிள்ளைங்களோட ஒரு வருஷத்தைக் குப்பையில போட்டீங்களே! பழைய முதல்வர் கால்ல விழாத குறையாக் கெஞ்சி நான் அவங்களை எழுத வெச்சேன். வெக்கம் யாருக்கு சார் இருக்கணும்?"

பி பிரிவுக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சி பிரிவு அம்மாள் கைப்பைக்குள் எதையோ தேட ஆரம்பித்தாள்.

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, பலகையை இரண்டு தரம் படித்தார்.

"பதினேழு பேரா!" குரல் இறங்கியிருந்தது. "எனக்குத் தோணவே இல்லம்மா. அறிக்கையில தப்பு இருக்கு. இப்பவே திருத்திடலாம். நீங்க உக்காருங்க."

அவள் உட்கார்ந்தாள். கண் கலங்கிவிட்டது.

தலைவர் எழுத்தரைக் கூப்பிட்டார்.

"தேறின பதினேழு பேரும் முதல்ல எங்க பசங்கதானே? அவங்களை ஏ, பி, சிக்கே மாத்திப் போட்டுடுங்க. மிச்சம் பதினாலு பேர் இவங்க பிரிவுலயே இருக்கட்டும்."