தீட்சிதர் மாமாவின் தாளம்

சபாவில் அவரைக் கோதண்டபாணி என்று யாரும் அழைப்பதில்லை. முத்துசுவாமி தீட்சிதரின் கீர்த்தனைகள் மீதிருந்த பித்தால் அவர் தீட்சிதர் மாமா ஆகிவிட்டார். மேடையில் தீட்சிதர் கீர்த்தனை தொடங்கியதும் அரங்கமே திரும்பி அவர் முகத்தைப் பார்க்கும். அவர் தலையசைத்தால்தான் பாடுகிறவர்களுக்கே நிம்மதி. அவருக்கு இப்போது காது அறவே கேட்பதில்லை என்பது மனைவி வைதேகிக்கு மட்டும்தான் தெரியும். எல்லோரும் திரும்பினால் அவர் தலையசைப்பார். இதுவரை பிசகியதில்லை.

இன்று வேறு யாரோ இயற்றிய பாட்டு நடந்துகொண்டிருந்தபோது, அவர் காலடியிலிருந்த பையில் வைதேகியின் போன் அலறியது. அணைத்து வைக்க மறந்திருந்தாள். எல்லோரும் திரும்பினார்கள். அவர் கண்ணை மூடித் தொடையில் தாளம் போடத் தொடங்கினார். பாடகி பாட்டை நிறுத்தினாள்.

"மாமா, போன்! ஆஃப் பண்ணுங்கோ" என்றார் பின்வரிசைக்காரர்.

"பேஷ்! தீட்சிதர்னா தீட்சிதர்தான்!" என்றார் தீட்சிதர் மாமா, உரக்க.

போன் தானாக அடங்கியது. அவர் கை நிற்கவில்லை. எல்லோர் பார்வையும் மெல்லப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வைதேகியிடம் வந்து நின்றது. அவள் அவரைத் தொடவில்லை. அவர் கையைப் பார்த்துப் பார்த்து, தானும் தொடையில் தாளம் போட ஆரம்பித்தாள்.