மணல்மேட்டுக்கு எத்தனை சுற்று?

"எழுநூறு கிலோமீட்டர் ரேஸுக்குப் போயி, ஒரு மணல்மேட்டைச் சுத்திட்டு வந்த ஆளுய்யா இவன்!"

இருசப்பன் சொல்லி முடித்ததும் சைக்கிள் சங்கத்து அறையே சிரித்தது. இருந்தது பத்துப் பேர்தான். சிரிப்பு தேரடி வீதி வரைக்கும் கேட்டிருக்கும்.

சிரிக்காதவர்கள் இரண்டு பேர். ஒருவன் முருகவேல், மேட்டைச் சுற்றிவிட்டு வந்தவன். இன்னொருவன் இளவரசன், சங்கத் தலைவர் ஆதிமூலத்தின் அக்கா மகன்.

போன சித்திரையில் இவர்கள் இருவரும்தான் ராஜஸ்தான் பாலைவனத்துக்குப் போனார்கள். எழுநூறு கிலோமீட்டரை அறுபது மணி நேரத்துக்குள் மிதித்து முடிக்க வேண்டும். அந்த ஊர் வெயிலில் ஒட்டகமே லாரிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும் என்று நான் சொன்னால் யாரும் நம்புவதில்லை. இருசப்பன் ஒரு படி மேலே போய், அந்த லாரியே நிழல் தேடி நகர்ந்தது என்றார். நம்பிவிட்டார்கள்.

இளவரசனுக்கு மாமா வாங்கிக் கொடுத்த புது கியர் சைக்கிள். பாதியிலேயே முன்சக்கரத்து ஃபோர்க் உடைந்து, ரேஸ்காரர்களின் ஜீப்பில் ஏறிவிட்டதாக வந்து சொன்னான். முருகவேல் தன் பழைய சைக்கிளில் கடைசிவரை ஓட்டினான். ஆனால் அறுபத்திரண்டு மணி நேரம் ஆகிவிட்டது. பட்டியலில் பேர் வரவில்லை.

இப்போது மேஜைமேல் அடுத்த வருஷத்துப் படிவம் கிடந்தது. இந்தத் தடவை ஒரு சங்கத்துக்கு ஒரே ஆள். ஆதிமூலம் யார் பேரை எழுதுகிறாரோ அவனுக்குத்தான் ரயில்.

"ஏம்பா முருகவேலு, ரெண்டு மணி நேரத்துல கோட்டை விட்டிருக்க. நடுவுல ஒரே இடத்துல அஞ்சரை மணி நேரம் போயிருக்கு. வழி தப்பிட்டியா?"

"இல்லீங்க தலைவரே. ரோட்டோரந்தான் அந்த மேடு."

"தூங்கிட்டியா?"

"இல்லீங்க."

"அப்ப இன்னாதான் பண்ண?"

"மேட்டைச் சுத்திக்கிட்டிருந்தேங்க."

மறுபடியும் சிரிப்பு. இருசப்பன் எழுந்தே நின்றுவிட்டார்.

"நான் சொல்றேன் தலைவரே. இவன் அடி அண்ணாமலைக்காரன். பிராக்டீஸ் பூரா கிரிவலப் பாதையிலதான். தினம் அஞ்சு சுத்து, எழுபது கிலோமீட்டர். வருஷம் முச்சூடும் வலது கைப்பக்கம் மலை. அங்க போனா வெறும் பொட்டல். வலது பக்கம் காலியா இருந்ததும் பையனுக்குக் கை கால் ஓடலை. ஒரு மணல்மேட்டைப் பார்த்தான், அண்ணாமலையாருக்கு அரோகரான்னு சுத்த ஆரம்பிச்சிட்டான்!"

"அன்னைக்குப் பௌர்ணமியாப்பா?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

முருகவேலுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "வலமாத்தான் சுத்தினேன். அது மட்டும் நெசம்."

பிறகு ஆதிமூலத்தைப் பார்த்து, "என்னை அனுப்புங்க தலைவரே. அறுபது வேணாம், அம்பத்தஞ்சு மணி நேரத்துல முடிச்சுட்டு வரேன்" என்றான்.

கெஞ்சவில்லை. வேலூர் பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்கிற மாதிரி சொன்னான்.

ஆதிமூலம் கொஞ்ச நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். அக்கா மகன் என்பது ஒரு பக்கம். கடைசிவரை மிதித்த கால் எது என்பது அவருக்கும் தெரியும்.

"சரி, உன் பேரையே எழுதறேன். ஒண்ணே ஒண்ணு. இந்தத் தடவை எந்த மேட்டையும் சுத்த மாட்டேன்னு எல்லார் முன்னாலயும் சத்தியம் பண்ணு."

இதைவிடச் சுலபமான சத்தியம் உலகத்தில் உண்டா? நானாக இருந்தால் இமயமலையையும் சேர்த்துச் சத்தியம் பண்ணியிருப்பேன்.

முருகவேல் தலையைச் சொறிந்தான்.

"அந்தச் சத்தியம் மட்டும் வேணாங்க தலைவரே."

"ஏன்?"

"திரும்ப ஒரு மேடு வந்தா சுத்த வேண்டியிருக்கும்."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. ஆதிமூலத்தின் முகம் சிவந்துவிட்டது.

"திமிரு ஜாஸ்தியாயிடுச்சு உனக்கு. இனிமே மலையை மட்டும் சுத்து, போ."

விறுவிறுவென்று இளவரசன் பேரை எழுதி, படிவத்தை அவன் பக்கம் தள்ளினார். "கையெழுத்துப் போடுடா."

இளவரசன் பேனாவைத் திறந்தான். போடவில்லை.

முருகவேல் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் இறங்கப் போனான். இருசப்பனுக்கு மனசு கேட்கவில்லை. அதாவது, விட்டுவிட மனசு கேட்கவில்லை.

"டேய், போறதுக்கு முன்ன ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டுப் போ. மொத்தம் எத்தினி சுத்து சுத்தின?"

"எண்ணலைங்க அண்ணே."

"முப்பத்தொண்ணு."

சொன்னது இளவரசன்.

எல்லாரும் அவன் பக்கம் திரும்பினார்கள். ஆதிமூலம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "உனக்கு எப்பிடிடா தெரியும்?"

இளவரசன் தன் பேரை அடித்துவிட்டு, அதற்கு மேலே முருகவேல் என்று எழுதினான். நிமிரவில்லை.

"ஃபோர்க் உடையல மாமா. வெயில்ல நான்தான் விழுந்துட்டேன். மேட்டுக்கு இந்தப் பக்கம் ரோடு, அந்தப் பக்கம் நிழல்ல நான். அண்ணன் இங்க வந்து ஜீப் வருதான்னு பாப்பாரு, அங்க வந்து என் வாயில ஒரு மூடித் தண்ணி ஊத்துவாரு. சுத்துக்கு ஒரு மூடி. எழுந்திருக்க முடியாம, எண்ணிக்கிட்டே கெடந்தேன்."