முட்பூ வைத்த நாற்காலி

கில்லார்ன் கோட்டையின் பழைய நாற்காலிகளில் பார்வையாளர்கள் உட்கார்ந்துவிடாதபடி காவல் பணியாளர்களான நாங்கள் காய்ந்த முட்பூ ஒன்றை வைப்போம். இறந்து இருநூறு வருஷமான சீமாட்டியின் நாற்காலியில் மட்டும் அது தினமும் காலையில் நசுங்கிக் கிடந்தது.

"நீதான் உக்கார்ற, இஷ்பெல்," என்றான் மேலாளர் ஸ்ட்ரூவன்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திரும்பி நின்று பாவாடையைக் காட்டினேன். "நல்லாப் பாருங்க ஐயா. ஒரு முள்ளாவது இருக்கா?"

அவன் பார்வை என்னைத் தாண்டிப் போயிற்று. பூட்டிய கண்ணாடிப் பெட்டிக்குள் சீமாட்டியின் பட்டு கவுன் இருந்தது. அதன் பின்புறமெங்கும் முட்கள். சாவி அவனிடம் மட்டுமே உண்டு.

நசுங்கிய முட்பூவை எடுத்துவிட்டு, "இனிமே அதுல முள்ளு வைக்காத. அவங்க உக்காந்துக்கட்டும்," என்றான்.

அதே கூடத்தில் நாள் முழுக்க நிற்கும் நான், ஒரு ஸ்டூல் கேட்டு ஏழு வருஷமாகிறது.