கன்னத்துக்கு ஒதுக்கிய நிறங்கள்

நார்வேயின் ட்ரொம்சோ நகர ஆய்வகத்தின் சன்னலில் மார்ச் வெயில் சாய்கிறது. இங்வில் கடல்பனி வரைபடத்தைத் திறக்கிறாள். திரையின் மூலையில், படத்தில் சிரித்துக்கொண்டிருந்த அவள் கைக்குழந்தையின் முகம் உடனே பாசிப்பச்சையாகிறது. இருநூற்றைம்பத்தாறு நிறங்களுக்கு மேல் காட்டத் தெரியாத பழைய கணினித் திரை அது; வரைபடம் வந்தால் அத்தனையையும் வாரிக்கொள்ளும். "உன் பையன் மறுபடியும் தவளையாயிட்டான்," என்கிறார் பக்கத்து மேசை ஸ்வெர்ரெ. பிரசவ விடுப்பு முடிந்து அவள் வேலைக்குத் திரும்பிய முதல் வாரம் இது; சிரிப்பு வரவில்லை. குழந்தையின் படத்தை மூடப் போகிறாள். "இரு, மூடாத." நாற்காலியோடு உருண்டு வந்தவர், காபிக் கோப்பையை ஓரம் தள்ளிவிட்டு, விசைப்பலகையில் ஒரே ஒரு வரிக் கட்டளையைத் தட்டுகிறார். திரை ஒருமுறை சிமிட்டுகிறது. பனி வெள்ளையாகவே நிற்கிறது, கப்பல்கள் தேடும் பனி விளிம்பும் தெளிவாகத் தெரிகிறது. குழந்தையின் கன்னத்தில் மட்டும் ரோஜா நிறம் ஊறி வருகிறது. "என்ன பண்ணுனீங்க?" "பனிகிட்டருந்து கொஞ்சம் நிறத்தைப் பிடுங்கி இவனுக்குக் குடுத்தேன். வெறும் வெள்ளைக்கு எதுக்கு அத்தனை?" இங்வில் அந்தக் கன்னத்தை விரலால் தொடுகிறாள். திரையில் யார் கைபட்டாலும் சீறுகிற ஸ்வெர்ரெ, சன்னலுக்கு வெளியே ஏதோ இருப்பதுபோல் பார்த்துக்கொண்டிருக்கிறார்.