கன்னத்தில் ஒளிந்த மாத்திரை

"வாயைத் திறங்க. நாக்கைத் தூக்குங்க. இதோ, கன்னத்துல ஒளிச்சு வெச்சிருக்கீங்களே!"

ஐம்பது வயதுக்காரர் திருட்டு முழி முழித்துவிட்டு, மாத்திரையைத் தண்ணீரோடு விழுங்கினார்.

"இருமல் நின்னு மூணு மாசமாச்சும்மா. இன்னும் எதுக்கு?"

"ஆறு மாசம்னா ஆறு மாசம்தான். பாதியில நிறுத்தினா காசநோய் திரும்பி வரும்." அட்டையில் இன்றைய கட்டத்தில் டிக் அடித்தாள் அவள்.

"உங்ககிட்ட மாட்டிக்கிட்டு முழிக்கிறேன்."

"நாலு வருஷம் முன்னாடி இதே ரூம்ல, இதே வியாதியோட நான் உங்ககிட்ட முழிச்சேன்ல? இப்ப உங்க முறை!"

மாத்திரை கொடுக்கும் தன்னார்வ வேலை முடிந்ததும், சிரித்துக்கொண்டே அவள் தன் தையல் கடைக்குக் கிளம்பினாள்.

அவர் வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு மணியடித்தார். முதல் நோயாளி உள்ளே வந்தார்.

"மாத்திரையை என் கண்ணு முன்னாடிதான் முழுங்கணும்," என்றார் டாக்டர் கறாராக. "கன்னத்துல ஒளிச்சு வெக்கிற தில்லுமுல்லெல்லாம் எங்கிட்ட நடக்காது!"